இடுப்பில் கட்டிய துண்டு

தோளில் கிடக்கும் துண்டுக்கு நம்மவரிடையே ஒரு வரலாறு உண்டு. மேலோர் எதிர்ப்பட்டால், தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்கிவிட வேண்டும் என்பது தமிழகத்துக் கிராமங்களில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கடல் கடந்து வந்த மக்கள், மூட்டை முடிச்சுகளோடு அந்த வழக்கத்தையும் சுமந்துகொண்டே வந்தார்கள். பெரட்டுக்களத்தில் துரை வந்து நின்றால் தலைப்பாகை கழன்றது. துண்டு இடுப்புக்கு வந்தது. எவன் இடுப்பில் துண்டு இருக்கிறதோ அவன் தாழ்ந்தவன். எவன் தோளில் இருக்கிறதோ அவன் உயர்ந்தவன். எழுதப்படாத இச்சட்டத்தை விளக்க எவரும் தேவைப்படவில்லை. குழந்தை கூட அறிந்திருந்தது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு விவிலியத்தில் யோவான் எழுதிய நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தைப் படிக்கும்போது நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. இறுதி இராவுணவின்போது இயேசுநாதர் பந்தியை விட்டு எழுந்து, மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சீடர்களின் கால்களைக் கழுவினார் என்று அங்கே கூறப்படுகிறது. யூத நாட்டில் அது அடிமை செய்யும் வேலை. பேதுரு என்னும் சீடர் அதற்கு உடன்பட மறுத்ததில் வியப்பில்லை. குரு குனிவதா? தலைவர் தொண்டனின் காலைத் தொடுவதா? தோட்டத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் பேதுருவின் கலக்கம் எளிதில் விளங்கும்.

பெரிய வியாழன்தோறும் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய ஊர்களின் கத்தோலிக்க ஆலயங்களில் குருவானவர் பன்னிருவரின் கால்களைக் கழுவும் சடங்கு நடைபெறுகிறது. சடங்கு சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. எஞ்சிய நாட்களில் அந்தத் துண்டு எங்கே போகிறது? கிறிஸ்தவர்களுக்கு விடுக்கப்பட்டிருக்கும் சேவையின் அழைப்பு வீட்டிலும் வீதியிலும், தொழிலிலும் அரசியலிலும் எப்படிப் பொருள்படுகிறது? ஊவா மாகாணத்தின் வரலாறு இக்கேள்விக்குச் சில விடைகளைத் தருகிறது. கிறிஸ்தவர்களுக்கு மட்டுமன்று, பிறர்க்கு உதவ விரும்பும் எல்லார்க்கும் அவ்விடைகள் பயன்படும் என்று நாம் நம்புகிறோம்.

கல்லில் பொறித்த பெயர்

பதுளை நகருக்குச் செல்வோர் அங்குள்ள புனித மாற்கு ஆலயத்தைக் காணாமல் இருக்க முடியாது. 1857 ஆம் ஆண்டிலிருந்து வழிபாடு நடந்துவரும் அங்கிலிக்கன் ஆலயம் அது. மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் நினைவாக அது எழுப்பப்பட்டது. ஊவாவில் பாதைகள் அமைத்தவர், மாவட்ட நீதிபதியாகவும் இருந்தவர். அதோடு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்றும் பெயர் பெற்றவர். 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அவர் அமைத்த பாதைகளால் இம்மாகாணம் பயனடைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. பொதுவாழ்வில் இருந்துகொண்டு நாட்டுக்கு நன்மை செய்வதும் சேவையே.

ஆயினும் ஒன்று நினைக்கத்தக்கது. பாதை வெட்டுவித்தவரின் பெயர் கல்லில் இருக்கிறது. வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. மலைநாட்டுக் காடுகளை அழித்தவர்களும், பாதைக்குக் கல் உடைத்தவர்களும், தென்னிந்தியாவிலிருந்து தலைமன்னார்க் கரையில் இறங்கிக் கால்நடையாக மலையேறுகையில் வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தவர்களும் பெயரற்றே போனார்கள். சேவை செய்தவரை நாம் நினைவுகூரும்போது அவர் மட்டுமே நம் கண்ணில் படுகிறார். சேவையைப் பெற்றவர்களும் அதற்காக உழைத்தவர்களும் பின்னணியில் கரைந்துவிடுகிறார்கள். சேவையைப் பற்றிய நமது எண்ணத்தில் உள்ள முதற்குறை இதுவே.

துரைமார் பணத்தில் ஒரு தொண்டு

1850களின் நடுவில், கோப்பித் தோட்டத் தொழிலாளர்களிடையே பணிபுரிவதற்கென ஓர் அங்கிலிக்கன் திருப்பணி தொடங்கப்பட்டது. தோட்டத் துரைமாரில் சிலரே அதற்குப் பணம் கொடுத்தனர். திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்கள் தோட்டந்தோட்டமாக நடந்தார்கள், லயங்களின் முன்னே நின்று பேசினார்கள், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்கள். அந்நாளில் தோட்டத்துப் பிள்ளைக்கு எழுத்து வேண்டும் என்று எண்ணியவர் மிகச் சிலரே. 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பேசுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே மரத்தடியில் அரிச்சுவடி சொல்லித்தந்த அவ்வுபதேசியார்களை நாம் நன்றியோடு நினைக்கவேண்டும்.

ஊவாவில் மெதடிஸ்த திருச்சபையின் பணியும் குறிப்பிடத்தக்கது. கண்டியில் பெண்பிள்ளைகளுக்கு உயர்தரப் பாடசாலை ஒன்றை 1879 இல் நிறுவிய சாமுவேல் லாங்டன் என்னும் போதகர், 1880களின் பிற்பகுதியில் ஊவாவுக்கு வந்து பணி தொடங்கினார். அப்புத்தளைப் பக்கத்தில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு ஓர் இல்லம் அமைத்து, எழுத்தோடு கைத்தொழிலும் கற்பித்தார். வறியவருக்கு உணவளிப்பதோடு நில்லாமல், தம் காலில் நிற்கத்தக்க தொழிலையும் தரவேண்டும் என்ற எண்ணம் அதில் விளங்குகிறது.

இவ்வளவும் உண்மையே. ஆனால் இன்னோர் உண்மையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். துரைமாரின் பணத்தில் நடந்த தொண்டு, துரைமாரிடம் கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்கத் தயங்கியது. பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்ட காம்பிராவில் ஒரு குடும்பம் முழுவதும் ஏன் கிடக்கவேண்டும்? கங்காணியிடம் பட்ட கடனோடு மனிதனையும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றும் ‘துண்டு’ச் சீட்டு முறை ஏன் இருக்கவேண்டும்? அம்முறை 1921 இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. காய்ச்சலுக்கு மருந்தும் பிள்ளைக்கு எழுத்தும் கொடுத்த கை, காய்ச்சலுக்கும் எழுத்தின்மைக்கும் காரணமான ஏற்பாட்டை நோக்கிப் பெரும்பாலும் நீளவில்லை. கொடுத்தவரின் துண்டு தோளிலேயே இருந்தது. பெற்றவரின் துண்டும் இடுப்பிலேயே இருந்தது.

வள்ளுவப் பெருந்தகை ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை வைத்த பின்னரே ஈகை என்னும் அதிகாரத்தை வைத்திருக்கிறார். ஈகை என்பது இல்லாதவனுக்குக் கொடுப்பது. ஒப்புரவு, சமூகத்தோடு ஒத்து நின்று, தன்னிடம் உள்ளது ஊருக்கும் உரியது என்று அறிந்து நடப்பது. ஒப்புரவு இல்லாத ஈகை கொடுப்பவனை உயர்த்தி, பெறுபவனை இன்னும் கொஞ்சம் குனியவைக்கும். இவ்வேறுபாட்டை உணர்ந்த கிறிஸ்தவர் சிலர் ஊவாவில் வாழ்ந்தார்கள்.

கண்டியை விட்டு வந்த ஆயர்

லியோ நாணயக்கார என்பவர் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி, சிங்களவர். 1917 இல் பிறந்து, 1959 இல் கண்டி மறைமாவட்டத்தின் ஆயரானார். கண்டி என்றால் நாம் சொல்லவேண்டியதில்லை: பழைய அரசர்களின் தலைநகர், பெரிய கல்லூரிகள் உள்ள ஊர், செல்வாக்குள்ள மறைமாவட்டம். 1962 முதல் 1965 வரை உரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. திருச்சபை தனக்காக வாழலாகாது, உலகின் இன்பதுன்பங்களில், சிறப்பாக ஏழைகளின் துன்பத்தில், பங்குகொள்ள வேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுப்பெற்றது. ஆயர் லியோ அதை ஏட்டோடு விட்டுவிடவில்லை.

1972 டிசம்பரில் கண்டி மறைமாவட்டம் பிரிக்கப்பட்டு, பதுளை, மொனராகலை மாவட்டங்களைக் கொண்ட புதிய பதுளை மறைமாவட்டம் உருவாயிற்று. புதிய இடத்துக்கு ஓர் இளைய குருவை அனுப்பிவிட்டு, மூத்த ஆயர் பழைய ஆசனத்தில் அமர்ந்திருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் ஆயர் லியோ கண்டியைத் துறந்து, பதுளையைத் தமக்கென ஏற்றுக்கொண்டார். கத்தோலிக்கர் மிகச் சிறுபான்மையினர். அவர்களுள்ளும் பெரும்பகுதியினர் தோட்டத் தொழிலாளர். வருவாயோ செல்வாக்கோ இல்லாத இடம். பந்தியை விட்டு எழுவது என்றால் இதுவன்றோ!

பண்டாரவளையில் அவர் ‘சேவக செவன’ என்னும் பயிற்சி இல்லத்தை நிறுவினார். சிங்களத்தில் அது சேவகரின் நிழல் என்று பொருள்படும். குருமாராக வர விரும்பும் இளைஞர் மக்களின் வாழ்வோடு ஒட்டி வளரவேண்டும், உயர்ந்த மதில்களுக்குள் மட்டும் வளர்ந்தால் மக்களின் துயரம் காதில் விழாது என்பது அதன் அடிப்படைக் கருத்து. ஆயர் லியோ 1982 இல் காலமானார். பெரிய கட்டடங்கள் அவருக்கு நினைவுச்சின்னமாக வேண்டியதில்லை. அவர் வரவழைத்த ஒருவரைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

வாக்கில்லாத மக்கள்

அவர் பதுளைக்கு வந்த காலம் எத்தகையது என்பதை இளைய வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த எழுவர் மலைநாட்டிலிருந்து பாராளுமன்றம் சென்றார்கள். பதுளைத் தொகுதியின் எஸ். எம். சுப்பையா அவர்களுள் ஒருவர். மறு ஆண்டே, 1948 இல், பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்து வந்த சட்டங்களோடு சேர்ந்து அது தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கிற்று. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தேயிலையைக் கூட ஏலத்தில் விடும்போது தரம் பார்த்து, சுவை பார்த்துப் பிரிப்பார்கள். மனிதர்களை எண்ணிக்கை பார்த்தே பிரித்தார்கள். அண்ணன் ஒரு கப்பலில், தம்பி லயத்தில் என்று குடும்பங்கள் சிதறின.

அதன்மேல் 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உணவுப் பஞ்சம் வந்தது. பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்தன. தோட்டங்களில் வேலைநாட்களும் குறைந்தன. காணித் துண்டு ஏதும் இல்லாத தோட்ட மக்களுக்குக் கிழங்கு நட்டுப் பிழைக்கவும் வழியில்லை. அவ்வாண்டுகளில் தோட்டப் பகுதிகளில் இறப்பு வீதம் நாட்டின் பிற பகுதிகளைக் காட்டிலும் மிகுதியாக உயர்ந்தது. 1977 இலும் 1981 இலும் 1983 இலும் இனவன்முறை மலையகத் தமிழரையும் தாக்கிற்று. 1983 ஜூலையில் பதுளை நகரமும் எரிந்தது.

இத்தகைய நேரத்தில் சேவை என்றால் என்ன? பசித்தவனுக்குச் சோறிடுவது முதற்கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் பசியின் காரணத்தைத் தேடுவதும் சேவையல்லவா? 1972 இல் கண்டியில் இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் ‘சத்யோதய’ என்னும் நிலையத்தை நிறுவினார். பல இனத்தாரும் பல மதத்தாரும் ஒன்றாகத் தங்கி, தோட்டப் பகுதிகளின் நிலைமையை ஆராய்ந்து, கூட்டங்கள் நடத்தி, ஏடுகள் வெளியிட்டார்கள். தோட்ட மக்களுக்குக் குடியுரிமை வேண்டும், கூலி வேண்டும், காணியும் வீடும் வேண்டும் என்று சிங்கள மக்களிடமும் அதிகாரிகளிடமும் எடுத்துரைத்தார்கள். 2017 இல் தம் தொண்ணூற்றிரண்டாம் வயதளவில் மறையும்வரை கஸ்பர்ஸ் அடிகளார் அப்பணியை விடவில்லை.

சிலர் இதனை அரசியல் என்றார்கள். குருவானவருக்கு அரசியல் எதற்கு என்றும் கேட்டார்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சென்ற சமாரியனின் உவமையை நாம் எல்லாரும் அறிவோம். ஒரு நாள் ஒருவன் அடிபட்டுக் கிடந்தால் அவனைத் தூக்குவது கருணை. அதே வழியில் நாள்தோறும் ஒருவன் அடிபட்டுக் கிடந்தால், வழியைப் பாதுகாப்பாக்கக் குரல் கொடுப்பதும் கருணையே. அதனைப் பொதுவாழ்வு என்கிறோம். 1948 இல் பறிக்கப்பட்டது 1980களின் சட்டங்களால் ஓரளவு மீண்டு, 2003 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறைவடைந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! அவ்வளவு காலமும் தொழிற்சங்கத்தாரும் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் எல்லா மதத்து நல்லவர்களும் அயராது கேட்டுக்கொண்டிருந்ததன் பயன் அது. சோற்றுப் பொட்டலம் ஒரு வேளைக்குத் தீர்ந்துவிடும். ஒரு வாக்குச்சீட்டு பேரப்பிள்ளை வரைக்கும் வரும்.

அலுகலவிட்ட கிராமத்துக் குடிசை

இனி, ஆயர் லியோவிடம் வந்துசேர்ந்தவரைப் பற்றிக் கூறுவோம். அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்தவர். 1927 இல் பிறந்தவர். உரோமையிலும் பாரிசிலும் கற்று இரு கலாநிதிப் பட்டங்கள் பெற்றவர். கண்டிக்கு அருகில் அம்பிட்டியவிலுள்ள குருமடத்தில் பேராசிரியராக இருந்தவர். அவர் சேவக செவனவில் பணியாற்ற வந்தார். பின்னர் 1980 இல் அதையும் விட்டு, ஊவாவின் தாழ்நிலப் பகுதியில், புத்தலவுக்கு அருகிலுள்ள அலுகலவிட்ட என்னும் வறிய கிராமத்தில் போய்த் தங்கினார். சுற்றிலும் இருந்தவர்கள் பௌத்த விவசாயிகள். தங்கிய வீட்டுக்குச் ‘சுபசெத் கெதர’, அதாவது நல்வாழ்த்து இல்லம், என்று பெயர்.

மதம் மாற்ற வந்தவரோ என்ற ஐயம் கிராமத்தாருக்கு எழுந்தது இயல்பே. அவர் யாரையும் மதம் மாற்ற முற்படவில்லை. அயலவராக வாழ்ந்தார். பிள்ளைகளுக்குக் கற்பித்தார், நாட்டு மூலிகைகளின் பயனை மக்களோடு சேர்ந்து தேடினார், பௌத்த பிக்குமாரோடு நட்புக்கொண்டார். கிராமத்தாரிடம் கற்பதற்காகவே தாம் வந்ததாக அவர் கருதினார். கரும்புச் செய்கைக்காகப் பெரிய நிறுவனங்கள் ஊவாவின் நிலங்களைச் சூழ்ந்துகொண்டபோது, நிலமிழக்கும் உழவர்களின் பக்கம் நின்றார். இரு கலாநிதிப் பட்டங்களையும் மேலங்கியைப் போலக் கழற்றி வைத்துவிட்ட மனிதர் அவர்.

1987 இல் நாடு தென்பகுதியிலும் கொந்தளித்துக்கொண்டிருந்தது. இளைஞர்கள் காணாமற் போனார்கள். துப்பாக்கிகள் இரு புறமும் பேசின. ஏழைகளோடு நின்றவர் மீது சந்தேகக் கண் விழுந்தது. அவ்விடத்தை விட்டுப் போய்விடலாமா, மக்களோடு இருந்துவிடலாமா என்ற கேள்வி சுபசெத் கெதரவில் எழுந்தது. அவர் இருந்தார். 1987 நவம்பர் 10 ஆம் நாள் மாலை, அவ்வில்லத்தில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த வேளையில், அடையாளம் காணப்படாத ஒருவனின் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்.

அவருக்கும் நம் தோட்டங்களுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். மேல் ஊவாவின் தமிழ்த் தொழிலாளியும் தாழ் ஊவாவின் சிங்கள உழவனும் ஒருவரையொருவர் அஞ்சிய காலம் அது. இருவரையும் ஒரே வறுமை வாட்டியது; காணியில்லாத் துயரம் இருவருக்கும் பொது. சேவை தன் இனம், தன் மதம், தன் மொழி என்ற வேலியைக் கண்டதும் நின்றுவிடுமானால் அது உறவினருக்குச் செய்யும் முறையேயன்றி வேறல்ல. உவமையில் வரும் சமாரியனும் அடிபட்டவனின் இனத்தான் அல்லன் என்பதை மறந்துவிடலாகாது.

மீரியபெத்தை கேட்கும் கேள்வி

2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையில் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருந்த நேரம். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அன்று நாடெங்கிலுமிருந்து லொறி லொறியாக அரிசியும் துணியும் போர்வையும் வந்தன. கோயில்கள், பன்சலைகள், பள்ளிவாசல்கள், தேவாலயங்கள் எல்லாம் கொடுத்தன. பாடசாலைகளில் தங்கியிருந்தவர்களுக்கு உணவு சமைக்கச் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாக நின்றார்கள். நம் மக்களின் ஈர நெஞ்சத்துக்கு அது சான்று.

ஆனால் ஒன்று நம் நெஞ்சை உறுத்துகிறது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்றவேண்டும் என்று 2005 ஆம் ஆண்டிலேயே அரசின் கட்டட ஆய்வு நிறுவனம் எச்சரித்திருந்தது. ஒன்பது ஆண்டுகள் இருந்தன. மாற்று வீடும் காணியும் கொடுக்காமல் போ என்றால் தொழிலாளி எங்கே போவான்? புதிய வீடுகள் 2016 இல் கையளிக்கப்பட்டன; மண்ணுக்குள் போனவர்கள் அவற்றைக் காணவில்லை. மலை சரிந்த பிறகு வந்த லொறிகளில் பத்திலொரு பங்கு அக்கறை, சரியும் முன்பே கடிதமாகவும் மனுவாகவும் கூட்டமாகவும் கேள்வியாகவும் வந்திருந்தால்? அழுகைக்குப் பின் வரும் சேவையைச் செய்வது எளிது; எல்லாரும் காண்பார்கள், புகைப்படமும் வரும். அழுகைக்கு முன் செய்யவேண்டிய சேவை கடினம். அதற்குப் பொறுமை வேண்டும், பெயரும் கிடைக்காது. கால் கழுவும் வேலைக்குப் பெயர் கிடைப்பதுண்டோ?

நாம் செய்யத்தக்கது

இவ்வளவையும் படித்துவிட்டு, ஆயராகவோ துறவியாகவோ இருந்தால்தானே இவையெல்லாம் கைகூடும் என்று வாசகர் எண்ணலாகாது. பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். அதிகாலையில் கொழுந்தெடுக்கப் போகும் தாயின் கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பிராவில் தன் பிள்ளைபோல் ஏந்திக்கொள்ளும் பெண்ணைக் காண்பீர்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாகி, அடையாள அட்டை பெற முடியாமல் தவிக்கும் முதியவருக்காகப் பதுளைக் கச்சேரிக்கு மூன்று முறை பஸ் ஏறும் பையனைக் காண்பீர்கள். சிங்களத்தில் வந்த கடிதத்தை அயல்வீட்டாருக்குத் தமிழில் படித்துச் சொல்லும் மாணவியைக் காண்பீர்கள். இரவில் பிரசவ வலி கண்டவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முச்சக்கர வண்டியை எழுப்பி எடுப்பவரைக் காண்பீர்கள். இவர்களுள் கிறிஸ்தவரும் உண்டு, சைவரும் உண்டு, பௌத்தரும் முஸ்லிம்களும் உண்டு. இவர்கள் தாம் செய்வதைச் சேவை என்றும் அழைப்பதில்லை.

மாணவர்களுக்கு ஒரு சொல். ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005 இல் பதுளையில் அமைந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் இன்று அங்கும் பிற பல்கலைக்கழகங்களிலும் பயில்கிறார்கள். ஆசிரியர்களாகவும் வைத்தியர்களாகவும் சட்டத்தரணிகளாகவும் வருகிறார்கள். படித்து மேலே வந்தபின் லயத்தைத் திரும்பிப் பார்க்கக் கூசுவோரும் உண்டு. அவர்களை நாம் முற்றாகக் குறை கூறோம். இழிவுபடுத்தப்பட்ட இடத்தை மறக்க விரும்புவது மனித இயல்பு. ஆனால் உங்களுக்குக் கிடைத்த எழுத்து, மரத்தடியில் தொடங்கியது. அதை இன்னொரு பிள்ளைக்குச் சனிக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம் கொடுங்கள். ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். அதைவிட மேலாக, நிரப்பக் கற்றுக்கொடுங்கள். சிங்களம் கற்றவர்கள் தமிழருக்கும் சிங்களவருக்கும் நடுவே வாயிலாக நில்லுங்கள். உள்ளூராட்சிச் சபையில் குடிநீருக்கும் பாதைக்கும் ஒதுக்கிய பணம் எங்கே போயிற்று என்று மரியாதையோடு, ஆனால் அச்சமின்றிக் கேளுங்கள்.

குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு சொல். வீட்டுக்குள் வேலைக்காரப் பெண்ணை அதட்டிவிட்டு வெளியே அன்னதானம் செய்வது பொருந்துமா? மலையகத்திலிருந்து கொழும்புக்கும் பிற நகரங்களுக்கும் வீட்டுவேலைக்கு வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்கள் எந்தப் பாயில் படுக்கிறார்கள், எந்தக் கோப்பையில் தேநீர் குடிக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே அவ்வீட்டின் பக்தி விளங்கிவிடும். தாயும் தந்தையும் நடப்பதைக் கண்டே பிள்ளை கற்கிறது. பந்தியில் எழுந்து பிறருக்குப் பரிமாறும் தந்தையைக் கண்ட பிள்ளைக்குச் சேவையைப் பற்றிப் பிரசங்கம் வேண்டியதில்லை.

2023 ஆம் ஆண்டில், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் ஒரு நடைப்பயணம் நடந்தது. முன்னோர் பசியோடும் நோயோடும் நடந்த அதே திசையில், பேரப்பிள்ளைகள் தலை நிமிர்ந்து நடந்தார்கள். கிறிஸ்தவ அமைப்புகளும் பிற மதத்தாரும் பொதுமக்களும் உடன் நடந்தார்கள். உடன் நடந்தவர்கள் யாரும் முன்னே போய் வழிகாட்டவில்லை, பக்கத்தில் நடந்தார்கள். அதுவே நமக்கு மனநிறைவு தருகிறது.

இனி, தொடங்கிய இடத்துக்கே திரும்புவோம். சேவையை அளக்க நமக்கு ஓர் எளிய அளவுகோல் கிடைத்திருக்கிறது. நாம் உதவி செய்த பின், உதவி பெற்றவரின் துண்டு எங்கே இருக்கிறது? முன்போலவே இடுப்பில் இருந்தால், நாம் செய்தது தருமம். அதுவும் நல்லதே, ஆயினும் போதாது. நம் துண்டு இடுப்புக்கு வந்து, அவர் துண்டு தோளுக்கு ஏறியிருந்தால், பந்தியை விட்டு எழுந்த அந்தத் தச்சனின் மகன் செய்ததை நாமும் சிறிதளவேனும் செய்துவிட்டோம் என்று கொள்ளலாம்.